சின்னு என்று எழுதிய அட்டை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்துகிறார்களாம். வெளிநாட்டிலிருந்து தனியாக வந்து இறங்கும் பெண்களை விமான நிலைய வருகைக் கூடத்தில் எப்படிக் கவனித்துக்கொள்வது என்று நான் வந்து பேச வேண்டுமாம். "இப்பல்லாம் எல்லார் கையிலயும் மொபைல் இருக்கு ஆன்ட்டி, பெரிசா ப்ராப்ளம் ஒண்ணும் வர்றதில்லை. சும்மா உங்க எக்ஸ்பீரியன்ஸ் சொன்னாப் போதும்" என்றாள்.

பிரச்சினை ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இது அந்த வேலை கொடுத்த வியாதி. ஓய்வு பெற்றும் போகவில்லை. வீட்டுக் கதவைத் தட்டும் கேஸ் சிலிண்டர்காரனிடம்கூட, "யார் வீட்டுக்கு வந்திருக்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன். என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் நேரம் யோசிக்கிறேன்.

வகுப்புக்குப் போனேன். பேச ஆரம்பித்துச் சூடு பிடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பாதியில் விட்டதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

நான் சிவகாசிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். ஹிந்தியைக் காய்கறி வண்டிக்காரர்களிடம் பேரம் பேசியே கற்றுக்கொண்டேன். பிறகு பரீட்சை எழுதிச் சுற்றுலாத் துறை வேலைக்குள் நுழைந்தேன். முதல் சில வருடங்கள் நகரத்து அலுவலகத்தில் சுற்றுலா வரைபடங்களை மடித்து எடுத்துக் கொடுப்பதிலேயே கழிந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சர்வதேச விமான நிலையத்துக்கு மாற்றினார்கள். வருகைக் கூடத்தில் சுற்றுலாத் தகவல் கவுன்ட்டர். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு தண்ணீர்க் கூஜா.

அந்த இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பயணி சுங்கப் பகுதியைத் தாண்டி வந்தால் எங்கள் கூடம். அதன் ஓரத்தில் ஒரு ஸ்டீல் கம்பித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம், நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பெயர் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே ஊர். கண்ணாடிக் கதவைத் தாண்டிய பயணி திரும்ப உள்ளே வர முடியாது, காவலர் விடமாட்டார். ஆகவே ஒரு பெண்ணுக்கு நாங்கள் செய்யக்கூடியது எதுவாக இருந்தாலும் சுங்கத்துக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் செய்ய வேண்டும். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது!

எங்கள் மேலதிகாரி சூத் சாப். பஞ்சாபி. ஒடிசலான மனிதர். வெயில் காலத்திலும் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றைத் தோளில் போட்டிருப்பார். வாயில் எப்போதும் ஏலக்காய். யாரையாவது சந்தேகப்பட்டால் அவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார், செருப்பைப் பார்ப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. "ஒருத்தனைத் திருடன்னு நீ சத்தம் போட்டா அவன் ஓடிடுவான்; பயணிக்கு உன்மேலதான் பயம் வரும்" என்பார். அதனால் எங்களுக்குள் ஒரு சங்கேதம் வைத்திருந்தார். "இவருக்குத் தண்ணி கொடுங்க" என்று அவர் சொன்னால், வாசலில் நிற்கும் கான்ஸ்டபிள் பக்கத்தில் வந்து நின்றுகொள்ள வேண்டும். தண்ணீரும் நிஜமாகவே கொடுக்கப்படும்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். கேள்விக்குள் பதிலை வைக்கக் கூடாது. "நீங்க இன்ன ஓட்டல்லேருந்து வந்திருக்கீங்களா?" என்று பயணி கேட்டால், எதிரில் இருப்பவன் "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் ஜெயித்துவிடுவான். "எங்கேருந்து வர்றீங்க? யாரைக் கூப்பிட?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். நம் ஊர் வழக்கப்படி நாமே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதே மாதிரி, ஊர்ஜிதம் செய்யப் போன் போடுவதென்றால் அழைக்க வந்தவன் நீட்டும் நம்பருக்குப் போடக் கூடாது. பயணியிடம் இருக்கும் நம்பருக்கு, நம் தொலைபேசியிலிருந்து, நம் கையால் போட வேண்டும்.

இந்த விதிகளுக்கெல்லாம் காரணம் இருந்தது. ஏமாற்றுக்காரர்கள், ஓட்டல் டிரைவர் பிடித்திருக்கும் அட்டையைப் பார்த்து அதே பெயரை இன்னொரு அட்டையில் எழுதிக்கொண்டு, இரண்டு ஆள் முன்னால் போய் நிற்பார்கள். அசல் டிரைவர் கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருக்கும்போதே பயணி வேறு வண்டியில் ஏறியிருப்பாள். ஊரில் கலவரம், உங்கள் ஓட்டலை மூடிவிட்டார்கள் என்று சொல்லி, வேண்டுமானால் நீங்களே பேசுங்கள் என்று போனையும் சுழற்றிக் கொடுப்பார்கள். மறுமுனையில் அவர்கள் ஆளே ஓட்டல் மேனேஜராகப் பேசுவான். ஜப்பான்காரப் பெண் ஒருத்தி அப்படி நாலு நாள் எங்கெங்கோ சுற்றடிக்கப்பட்டு, திரும்பிப் போகும்போது எங்கள் கவுன்ட்டருக்கு வந்து நின்றாள். அவள் முகத்தை நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் சூத் சாப் சொல்வார். "அசல் ஆளுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்காது, லட்சுமிஜி. பேரைத் தப்பா எழுதியிருப்பான். எந்த ஃப்ளைட்னு நம்மகிட்டயே வந்து கேட்பான். எல்லாம் சரியாச் சொல்றவனைத்தான் நான் ரெண்டாவது தடவை பார்ப்பேன்." இதை நான் ரொம்ப நாள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கஸ்தூரி வந்த நாள் ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மலேசியாவிலிருந்து முற்பகல் விமானத்தில் வந்தாள். ஈப்போ பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸ். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். தள்ளுவண்டியில் ஒரு பெட்டி, தோளில் ஒரு கைப்பை. கைப்பையை முழங்கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்ததுமே உள்ளே விலை உயர்ந்தது ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தால் மற்றவர்களுக்கும் தெரியும்.

கம்பித் தடுப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. யாருக்கோ கையை ஆட்டினாள். நேராக அங்கே போயிருக்க வேண்டியவள், வரைபடம் இலவசம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து எங்கள் பக்கம் திரும்பினாள். அவள் பேசிய ஆங்கிலத்துக்கு நடுவில் ஓர் "ஐயோ" விழுந்தது. "தமிழா?" என்றேன்.

"ஆமாங்க அக்கா! இங்க தமிழ்ப் பேசுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல லா" என்று மலேசியாக்காரர்களின் அந்த 'லா'வோடு சிரித்தாள்.

"யார் வீட்டுக்கும்மா?"

"மாமா வீட்டுக்கு. அம்மாவோட தம்பி. கோல் மார்க்கெட்டுல இருக்காங்க, கவர்மென்ட் வேலை. மாமா பொண்ணுக்குத் திங்கக்கிழமை கல்யாணம்."

"கூப்பிட யாரு வர்றாங்க?"

"மாமாவே வர்றேன்னுதான் சொன்னாங்க. ஆனா ஆளு அனுப்பியிருக்காங்க போல. அதோ, அவருதான்." கம்பித் தடுப்பைக் காட்டினாள்.

தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சாந்தமான முகம். கையில் பிடித்திருந்த அட்டையில் பெரிய ஆங்கில எழுத்தில் "மிஸ் சின்னு" என்று எழுதியிருந்தது. கீழே கோலாலம்பூர்.

"உன் பேரு சின்னுவா?"

"பாஸ்போர்ட்டுல கஸ்தூரி. வீட்டுல சின்னு. பாருங்களேன், அந்தப் பேரு எங்க வீட்டு ஆளுங்களத் தவிர யாருக்கும் தெரியாது. மாமா வேணும்னே அதை எழுதச் சொல்லியிருக்காங்க, நான் பயப்படாம இருக்கட்டும்னு."

அவளுக்கு தைரியம் கொடுத்த அதே விஷயம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறவர் செல்லப் பெயரை எழுதியா அனுப்புவார்? அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மாமா. தாய்மாமன் மரியாதையோடு முழுப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்து, எல்லாம் எழுதிக் கொடுத்திருப்பாரே. கஸ்தூரி என்ற பெயர் தெரியாத ஒருவனுக்குத்தான் சின்னு என்று எழுத வேண்டி வரும். அப்படியென்றால் இவன் காதில் அந்தப் பெயர் மட்டும் எப்படி விழுந்தது?

அவளைப் பயமுறுத்தக் கூடாது. "கொஞ்சம் உட்காரும்மா, நல்ல வரைபடம் ஒண்ணு உள்ளே இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார வைத்தேன். வைத்துவிட்டுக் கம்பித் தடுப்புக்குப் போனேன்.

ஹிந்தியில்தான் பேசினோம். "யாரைக் கூப்பிட வந்திருக்கீங்க பாய் சாப்?"

"மலேசியாவிலிருந்து வர்ற பொண்ணு. அதோ உட்கார்ந்திருக்கே, அந்தப் பொண்ணுதான். மாமாஜி அனுப்பினார்."

விமானத்தின் பெயரைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், கோல் மார்க்கெட் என்றார். ஒன்றிலும் பிசகில்லை. நான் கேட்காததையும் சொன்னார். கேள்விக்குள் பதில் இல்லாத ஒரு கேள்வியைத் தேடினேன். "வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க? என்ன நடக்குது?" என்று சும்மா விசாரிக்கிற மாதிரிக் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"எல்லாம் நல்லபடியா இருக்கு மேடம். மாமாஜிக்குத் திடீர்னு ஆபீஸ்ல மீட்டிங். மாமிஜிக்குக் கொஞ்சம் உடம்பு சுகமில்லை, தனியா படுத்திருக்காங்க. அதான் என்னை அனுப்பினாங்க."

அவ்வளவுதான். சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளில் கல்யாணம் இருக்கும் வீடு. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருப்பார்கள். பாத்திரம் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். அந்த வீட்டிலிருந்து வந்த ஆளுக்கு, அங்கே கல்யாணம் என்பதே தெரியவில்லை.

"அச்சா, அச்சா. ஒரு கையெழுத்துப் பாக்கி இருக்கு, இப்ப அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, ஓடாமல் நடந்து திரும்பினேன். சூத் சாப்பின் அறைக்குப் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து கம்பித் தடுப்பு இருந்த திசையில் ஒரு கணம் பார்த்தார். அந்த ஆளின் செருப்பைத்தான் பார்த்திருப்பார்.

"முதல்ல வீட்டுக்குப் பேசுங்க" என்றார். "நம்பர் யார்கிட்ட இருக்கு?"

கஸ்தூரியிடம் மாமாவின் புகைப்படம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் ஒரு எண். மாமா வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த, பாட்டியா என்ற பெயருள்ள அம்மாளின் எண் அது. கூப்பிட்டால் அவர் போய்ச் சொல்லி அழைத்து வருவார். அந்தக் காலத்தில் பாதி தில்லிக்கு அப்படித்தான் போன் இருந்தது.

நானே சுழற்றினேன். வயதான பெண் குரல் எடுத்தது. விமான நிலையத்திலிருந்து பேசுகிறேன், பக்கத்து வீட்டுச் சண்முகம்ஜியை, இவள் மாமாவை, கூப்பிட முடியுமா என்றேன்.

"மறுபடியும் லேட்டா?" என்றார் அந்த அம்மாள்.

"என்ன லேட்?"

"காலையில நீங்கதானே போன் பண்ணீங்க? ப்ளேன் லேட்டு, சாயங்காலம் வந்தாப் போதும்னு. அவர் டாக்ஸியைக்கூடத் திருப்பி அனுப்பிட்டாரே. பந்தல்காரனோட கீழே நிக்கிறார்."

"நாங்க யாரும் போன் பண்ணலை ஆன்ட்டி. பேசினது ஆம்பளையா?"

"இல்லை, ஒரு லேடி. ரொம்ப மரியாதையாப் பேசினா." கொஞ்சம் நிறுத்தினார். குரல் மாறிவிட்டது. "காலையில பேசினதும் ஏர்போர்ட் லேடி. இப்பப் பேசுறதும் ஏர்போர்ட் லேடி. நீங்க யாருன்னு எனக்கு என்ன தெரியும்? நான் யாரையும் கூப்பிட மாட்டேன்."

நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கஸ்தூரியின் கையில் போனைக் கொடுத்தேன். அவள் அரைகுறை ஆங்கிலமும் தமிழுமாக, "ஆன்ட்டி, நான் சின்னு, மாமாகிட்ட சொல்லுங்க, நான் வந்துட்டேன்" என்று கெஞ்சினாள். அந்த அம்மாள் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போகும் சத்தம் எனக்கே கேட்டது. சற்று நேரத்தில் ஒரு ஆண் குரல் கத்தியது. கஸ்தூரி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். "மாமா வர்றாங்களாம். அசையாம அங்கயே இருன்னு சொல்றாங்க" என்றாள். பிறகுதான் கம்பித் தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப, அவரு யாரு அக்கா?"

சூத் சாப் கம்பித் தடுப்புக்குப் போனார். அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் மிகவும் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். திரும்பி, "இவருக்குத் தண்ணி கொடுங்க" என்றார். கான்ஸ்டபிள் தம்ளரோடு போனார். அந்த ஆள் வாங்கி முழுதாகக் குடித்தார். கை நடுங்கவில்லை. "வண்டியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வர்றேன்" என்றார். "வாங்க, நானும் வர்றேன்" என்று கான்ஸ்டபிள் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். பழைய சிநேகிதர்கள் மாதிரி இருவரும் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனார்கள்.

வெளியே திரை போட்ட ஒரு வேன், இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றதாம். கான்ஸ்டபிளின் காக்கியைக் கண்டதும் கிளம்பிவிட்டது. பின் இருக்கையில் ஒரு பெண் இருந்தாள், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள் என்று பிறகு அவர் சொன்னார். அந்த ஆளைப் போலீஸ் பிடித்து வைத்தது. தான் வெறும் கூலிக்கு வந்த டிரைவர் என்றும், யாரோ எழுதிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் அவர் கடைசிவரை சாதித்தார். கார் ஓட்டும் உரிமம் அவரிடம் இல்லை. அந்த வேனும் கிடைக்கவில்லை, மரியாதையாகப் பேசும் அந்தப் பெண்ணும் கிடைக்கவில்லை.

மாமா வந்து சேரும் வரை கஸ்தூரியை சூத் சாப்பின் அறையில் உட்கார வைத்தோம். டீ வரவழைத்தோம். அவள் தொடவில்லை. "என் வீட்டுப் பேரு அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"மாமா கடைசியா எப்ப பேசினார்?" என்றேன்.

"புதன்கிழமை. டெலிபோன் பூத்துலேருந்து. ஒரே இரைச்சல். மாமா கத்திக் கத்திப் பேசினாங்க."

"என்ன பேசினார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு பார்ப்போம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "சின்னு, மாமா பேசுறேன். ஃப்ளைட் நம்பர் சொல்லு. ஃப்ரைடே தானே? கல்யாணத்துக்கு முந்தியே வந்துடுறே, சந்தோஷம். அம்மா குடுத்த நகையை கஸ்டம்ஸ்ல டிக்ளேர் பண்ணிடு, கோல்டுன்னா கேப்பாங்க. மாமா ஏர்போர்ட்டுக்கு வர்றேன். நான் வரலேன்னா உள்ளயே உட்காரு, வெளிய வராதே. ஏதாவதுன்னா இந்த நம்பருக்குப் பண்ணு. அப்புறம் நம்பர் சொன்னாங்க. இங்கிலீஷ்ல, ஒவ்வொண்ணா. நான் சொன்ன ஃப்ளைட் நம்பரையும் அப்படியே சத்தமாத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாங்க."

தமிழ் தெரியாத ஒருவன் அந்த பூத்தின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவன் காதில் என்னென்ன விழுந்திருக்கும்? சின்னு. மாமா. அது ஹிந்தியிலும் தாய்மாமன்தான். விமான எண். ஃப்ரைடே. கஸ்டம்ஸ். கோல்டு. ஏர்போர்ட். பக்கத்து வீட்டு போன் நம்பர், ஒவ்வோர் எண்ணாக. தமிழில் சொன்னது ஒன்றும் புரிந்திருக்காது. அதனால்தான் கல்யாணம் தெரியவில்லை. கஸ்தூரி என்ற பெயர் அந்தப் பேச்சிலேயே வரவில்லை. கோல் மார்க்கெட் என்பதை அவன் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, பூத் இருந்ததே அங்கேதான்.

பின்னால் போலீஸ் அந்த பூத்துக்குப் போய் விசாரித்தது. நடத்துபவர் வயதானவர், வருகிறவர்களுக்கெல்லாம் நமஸ்தே சொல்கிறவர். காத்திருக்கும் பெஞ்சில் தினமும் யார் யாரோ உட்கார்கிறார்கள், நான் யாரைச் சொல்ல என்று கையைக் கூப்பினாராம். ஒரு தடவை கோல் மார்க்கெட் போனபோது நானும் வெளியில் நின்று அவரைப் பார்த்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நல்லவராகத் தெரிவதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்றைக்கு மாமா சண்முகம் வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கம்பித் தடுப்பின் மேல் சாய்ந்து, "சின்னு! எங்கம்மா இருக்கே?" என்று கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். நான் போய், அரசாங்க அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன்.

"என் அக்கா பொண்ணை என்கிட்ட விட அட்டை வேணுமா? நீங்களும் தமிழ்தானே?" என்று பொரிந்தார்.

"தமிழ்னாலும் காட்டணும் சார்."

காட்டினார். சூத் சாப் வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் அளவில் வேலை முடிந்தது. கஸ்தூரியை அழைத்து வந்தேன். அவளோ எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அவள் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அவளிடம் இருந்த புகைப்படத்தில் அடர்ந்த முடியும் மீசையுமாக ஓர் இளைஞன். எதிரில் நின்றவருக்கு முன்தலை வழுக்கை, மீசை இல்லை, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

"அட்டைய யார் வேணும்னாலும் காட்டலாம்" என்றாள் என் காதருகில். "போன்ல பேசினவங்கதான் இவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் அக்கா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்த சந்தேகத்தை அவளுக்குள் போட்டது நாங்கள்தான். போட்ட பிறகு இன்ன இடத்தில் நின்றுவிடு என்று அதற்கு உத்தரவு போட முடியாது. "நீயே ஏதாவது கேளு" என்றேன். "பதில் உனக்குத் தெரிஞ்சிருக்கணும். உன் கேள்வியில அது இருக்கக் கூடாது."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "அம்மா ஏன் இத்தனை வருஷமா உங்ககூடப் பேசல?"

சுற்றிலும் அட்டை பிடித்த டிரைவர்கள். யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் மாமா இரண்டு பக்கமும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. நகரக் கூடாது.

"அதை இங்க வச்சா கேக்கணும்?" என்றார்.

கஸ்தூரி பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தை அவள் தாங்கினாள். நான் ஒரு வருடம் பழகிக் கற்றதை அவள் அரை நாளில் கற்றுக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா பொண்ணு கேட்டு வீட்டுக்கு வந்தார்" என்றார் மாமா. குரல் அடங்கிவிட்டது. "வேற ஆளுங்க, மலேசியா எஸ்டேட்டுக்காரங்க. நான் அவரை உட்காருன்னுகூடச் சொல்லலை. நிக்க வச்சே பேசினேன். பேசக் கூடாததெல்லாம் பேசினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை. அக்கா உள்ளேருந்து கேட்டுக்கிட்டிருந்தா. மறுநாள் அவ வீட்டுல இல்லை." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் அவர் தவறிட்டார்னு அக்கா கடுதாசி எழுதினா. அதுக்கும் நான் பதில் போடலை. என்னத்தைன்னு எழுதுறது? இப்ப என் பொண்ணுக்குக் கல்யாணம்னதும் வெக்கத்தை விட்டு எழுதினேன். அத்தை சீருன்னு நகையும் குடுத்து, உன்னையும் அனுப்பியிருக்கா. அவ வரலை. வர மாட்டா. போதுமாம்மா?"

கூடத்து இரைச்சல் அதுபாட்டுக்கு இருந்தது. சூத் சாப் என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றார்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"சரியான பதில்தான் சார்" என்றேன்.

இட்டுக்கட்டி வந்தவனுக்கு அந்த பதில் வாயில் வந்திருக்காது. வந்தாலும் அவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்காது. கஸ்தூரி என் பின்னாலிருந்து நகர்ந்து முன்னால் போனாள். கம்பித் தடுப்பின் இடைவெளி வழியாகத் தள்ளுவண்டியை உருட்டினாள். "வாங்க மாமா" என்றாள்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பெட்டியை எடுத்தார். இன்னொரு கையைக் கைப்பைக்கும் நீட்டினார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் மாமா."

"இருக்கட்டும்மா" என்றார். "என்கிட்டகூடக் குடுக்காதே."

கண்ணாடிக் கதவு வரைக்கும் நான் கூடவே போனேன். டாக்ஸியில் அவர்கள் ஏறி உட்கார்ந்து, அது சாலை திரும்பும் வரை நின்று பார்த்தேன். பின்னால் வேறு வண்டி எதுவும் போகவில்லை.